புதுப்பிப்பு: சாமான் அறை படிக்கும் அறையாகிவிட்டது

கதவைக்கூட முழுசாகத் திறக்க முடியாதபடி சாமான் அடைந்திருந்த எங்கள் உபரி அறையை எங்கிருந்து ஒழிப்பது என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பெரிய பொருட்களை முதலில் வெளியேற்றச் சொன்னீர்கள். அதுதான் சரி. உடைந்த கட்டில் போனதுமே நிற்க இடம் கிடைத்தது, மனசுக்கும் தெம்பு வந்தது.

நான் எதிர்பார்க்காதது சுவர். அட்டைப்பெட்டிகளை வெளிச்சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தோம். பின்னால் காற்றோட்டமே இல்லாமல் ஈரம் தங்கி, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அட்டையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சுவரைத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே வண்ணம் பூசினோம். அதற்கே இரண்டு வாரம் ஓடியது. இப்போது புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன்.

அப்புறம், ஒரு பெட்டியில் உப்பிப்போன கைபேசி பேட்டரி ஒன்று கிடந்தது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம். அதனால் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்தேன். உங்கள் பழைய பெட்டிகளையும் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள்.

அம்மாவின் கடிதங்களை மட்டும் கழிக்க மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. நேற்று மகள் முதல் முறையாக அந்த மேசையில் உட்கார்ந்து படித்தாள்.