சாக்ஸபோன் வாத்தியார்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

பேரூர்ப் பக்கத்திலிருந்து:

என் மகளுக்கு ஆல்டோ (டெனரை விடச் சிறிய வகை) சாக்ஸபோன் சொல்லிக் கொடுப்பவர் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் பெங்களூரு ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தார். இப்போது கோயில் திருவிழா, கல்யாணம், மிச்ச நேரத்தில் பாடம். தொடக்கத்தில் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. மவுத்பீஸை மட்டும் ஊதச் சொன்னார். வாத்து வளர்க்கிறீர்களா என்று பக்கத்து வீட்டு அம்மா விசாரித்தார்.

மவுத்பீஸில் பொருத்தும் ரீடை வாயில் ஊறவைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நுனியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். பித்தளையில் செய்திருந்தாலும் சாக்ஸபோனைக் கிளாரினெட் இனத்தோடு சேர்ப்பது அந்த நாணல் துண்டை வைத்துத்தான். "நாகஸ்வரத்தின் நாணல் சீவாளியோடு வளர்ந்தவனுக்கு இது என்ன புதிதா?" என்பார்.

எனக்கு இருந்த சந்தேகம் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில்தான். விசைக்கு ஒரு சுரம் என்று நிற்கும் வாத்தியத்தில் தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை எப்படி அசைப்பது? "விரலை மறந்துவிடு கண்ணு, தாடையைத் தளர்த்து" என்று மகளிடம் சொல்லிவிட்டு, விரலை நகர்த்தாமல் உதட்டின் பிடியை மட்டும் மாற்றிச் சுரத்தை இறக்கி ஏற்றிக் காட்டினார். அடுத்த மூச்சில் அதே தாடை அசைவில் ஒரு புளூஸ் துணுக்கு! ஜாஸ்காரர்கள் சுரத்தை வளைப்பதும் அங்கேதானாம். இரண்டு சங்கீதமும் ஒட்டாது என்று வாதாடுகிறவர்களை அந்தத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்.

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் பேச்சை எடுத்தால் மனிதர் நிறுத்த மாட்டார். 1980 பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு வாசித்தது, 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கம் வரை போனது எல்லாம் வரும். கடைசியில், "அவரும் அப்பாவிடம் நாகஸ்வரம் கற்றவர்தான், தெரியுமில்லையா?"

பொள்ளாச்சியிலிருந்து:

இங்கே ஒரு கல்யாண வரவேற்பில் சாக்ஸபோன் வித்வான் கல்யாணி ராக ஆலாபனையைத் தொடங்கியதுமே சினிமாப் பாட்டுச் சீட்டை நீட்டிவிட்டார்கள். முகம் சுளிக்காமல் வாசித்தார். பாட்டின் கடைசி அடியிலிருந்து நைசாகக் கல்யாணிக்கே திரும்பிவிட்டார்; சீட்டுக் கொடுத்தவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தவில்காரர் மட்டும் சிரித்தார். ஆனால் அத்தனை நேரம் ஊதியவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஈரோட்டிலிருந்து:

பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்டோவில் மேற்கத்திய 'ஸி' சுரத்துக்கான விரலில் ஊதினால் நம் காதுக்கு இரண்டரைக் கட்டை சுருதி. டெனரில் அதே விரலுக்கு ஆறரை. சுருதிப் பெட்டியை அதற்கேற்ப வையுங்கள். சிறுவர்களுக்கு டெனர் கனம், ஆல்டோ போதும். ரீடு இரண்டாம் எண்ணில் தொடங்கட்டும்; எண் கூடினால் ரீடு கடினமாகும். கடைக்காரர் பேச்சை நம்பி எடுத்த எடுப்பில் மூன்றாம் எண் வாங்கி, என் தம்பி மகன் உதடு வலித்து ஒரு வாரம் வாத்தியத்தின் பக்கமே போகவில்லை.