வீட்டுக்காரரிடமே நேராகப் பேசி வாங்கினோம்

8 மாதம் தேடி அலைந்து, போன மாதம்தான் எங்கள் வீட்டுச் சாவி கைக்கு வந்தது. தரகர் யாரும் கிடையாது. உரிமையாளரிடமே பேசி, அவரிடமே வாங்கினோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பார்த்த வீட்டை அதன் சொந்தக்காரர் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார். சமையலறை அலமாரியை அவர் கையாலேயே செய்தாராம். மாடிப்படிக் கைப்பிடிக்கு நல்ல மரம் தேடி அலைந்ததையும் சொன்னார். எல்லாமே அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்ட விலை, பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை; அந்த வீட்டுக்குப் பட்ட பாட்டையும் சேர்த்து விலை போட்டிருந்தார். தரகர் இருந்திருந்தால் அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருப்பார். இங்கே நாங்களே முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. நான் அவசரப்பட்டு, "இந்த அலமாரியை எப்படியும் எடுத்துவிடுவோம், அதற்குப் போய் விலை கொடுக்க முடியுமா" என்று கேட்டுவிட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. அதோடு பேச்சும் நின்றது. திரும்பி வரும் வழியில் என் மனைவி, இனிமேல் வீட்டைக் குறை சொல்லி விலை பேச வேண்டாம், பக்கத்தில் விற்ற விலைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்றார். அடுத்தடுத்து அப்படித்தான் செய்தோம்.

இரண்டாவது வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுவரின் அடியில் உப்பு பூத்திருந்தது, ஈரம் ஏறுகிறதோ என்று சந்தேகம். மழை பெய்த மறுநாள் வந்து பார்க்கிறோம் என்றோம், சாக்குச் சொன்னார்கள். விட்டுவிட்டோம்.

மூன்றாவது வீடு ஒரு வயதான அம்மாவுடையது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மூன்று பிள்ளைகளும் வேறு வேறு இடங்களில். நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வீட்டில் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்தது எதும்மா?" அவர் யோசிக்கவே இல்லை. மேற்கு அறை மதியத்துக்கு மேல் கொதிக்கும். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கீழே உள்ளதில் தண்ணீர் தேங்கும். பக்கத்து வீட்டு மரத்து இலை மாடி வடிகாலை அடைத்துக்கொள்ளும், மழைக்கு முன்னால் அள்ளிவிட வேண்டும். அப்புறம் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். மொட்டை மாடிக்கு எப்போது நீர்க்கசிவுப் பூச்சு போட்டது, எந்தக் குழாயை மாற்றியது, யார் வந்து வேலை செய்தது என்று கணவர் தேதியோடு எழுதி வைத்திருந்தார். நேரடியாக வாங்குவதில் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். தரகுப் பணம் மிச்சமாவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வீட்டில் வாழ்ந்தவர் வாயாலேயே வீட்டைப் பற்றிக் கேட்க முடிகிறதே!

ஆனாலும் இன்ஜினியரை அழைத்துப்போய்க் காட்டினோம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய ஒரு விரிசலை ரொம்ப நேரம் பார்த்தார். பூச்சில் மட்டும் முடி போல ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். இப்படிச் சாய்வாக, ஒரு முனையில் அகலமாக இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம் என்றார். இந்த விரிசலில் ஏற்கெனவே அடைத்திருந்த பூச்சு மறுபடி பிளக்கவில்லை. அது எப்போது அடைத்தது என்று நோட்டில் இருந்தது, 9 வருடத்துக்கு முன்னால். அதன் பிறகு அசைவு இல்லை என்று அவருக்கும் திருப்தி.

பத்திரங்களைப் பார்க்கும்போதுதான் சிக்கல் வந்தது. "கடனெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு தம்பி" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அது உண்மை, ரசீதும் இருந்தது. ஆனால் அரசின் சொத்துப் பதிவேட்டில் அடமானம் அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததும் அதை ரத்து செய்து பதிய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. கணவரின் பாதி தானாகவே தனக்கு வந்துவிட்டது என்றுதான் அந்த அம்மா நினைத்திருந்தார். பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். (இது இடத்துக்கு இடம் சட்டப்படி மாறும், பத்திரத்தில் பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தும் மாறும். உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "நான் உங்களை ஏமாத்துவேன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். என் மனைவிதான் பதில் சொன்னார்: "இல்லம்மா. நாளைக்கு நாங்க இதை விற்கப் போனா, வாங்க வர்றவங்களுக்கு உங்களைத் தெரியாதே. பத்திரம் மட்டும்தானே தெரியும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகனுக்குப் போன் செய்தார்.

அதன்பின் 11 வாரம் ஆனது. முன்பணத்தை அந்த அம்மாவிடம் நேரடியாகக் கொடுக்காமல், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு வக்கீலின் பொறுப்புக் கணக்கில், அதாவது எல்லாம் முடியும் வரை பணத்தை அவர் பத்திரமாக வைத்திருக்கும் கணக்கில், போட்டோம். அடமானம் ரத்தாகிப் பதிவாக வேண்டும், மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். வெளிநாட்டில் இருந்த மகள், தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போடலாம் என்று அதிகாரப் பத்திரம் அனுப்பினார். அது இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா என்று வக்கீல் அவரிடமே வீடியோவில் கேட்டு உறுதி செய்துகொண்டார். கையெழுத்து நாளன்று காலையில் பதிவேட்டை இன்னொரு தடவை பார்த்தோம். முதல் தடவை பார்த்ததற்கும் பணம் கைமாறுவதற்கும் நடுவில் புதிதாக ஏதும் ஏறியிருக்கக் கூடாதில்லையா?

*

உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது. எனக்கு இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை.

வீட்டுக்காரர் நல்லபடியாகப் பேசினார், நானும் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். "வீட்டுக்காக முன்பணம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரியில் ரசீது எழுதித் தந்தார். எந்த வீடு, மொத்த விலை என்ன, எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும், பின்வாங்கினால் பணம் என்ன ஆகும், எதுவுமே அதில் இல்லை. மூன்று வாரத்தில் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பணம் திரும்பி வர 7 மாதம் ஆனது, அதுவும் தவணை தவணையாக. அந்த 7 மாதமும் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க என்னிடம் காசு இல்லை. தயவுசெய்து, முதல் சந்திப்பிலேயே பணத்தை எடுக்காதீர்கள்.

*

நான் விற்ற பக்கத்திலிருந்து சொல்கிறேன். நானும் தரகர் இல்லாமல்தான் விற்றேன்.

வாங்க வருபவர்களுக்கு எங்களைப் பற்றி எவ்வளவு சந்தேகமோ, அதே அளவு எங்களுக்கும் இருக்கிறது. ஒருவர் விலை பேசி முடித்துவிட்டு, கடன் வந்துவிடும் வந்துவிடும் என்று 2 மாதம் இழுத்தார். அந்த நேரத்தில் வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம். கடைசியில் அவருக்குக் கடன் கிடைக்கவில்லை. பிறகு வந்த ஒரு தம்பதி, எவ்வளவு வரை கடன் தரலாம் என்று வங்கி எழுதிக் கொடுத்த கடிதத்தை முதல் பேச்சிலேயே காட்டினார்கள். அவர்கள் சொன்ன விலை கொஞ்சம் குறைவு, இருந்தும் அவர்களுக்குத்தான் கொடுத்தோம். இன்னொன்று: விசிறி, தண்ணீர் மோட்டார், திரைச்சீலைக் கம்பி என்று எவை வீட்டோடு போகும், எவற்றை நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். சின்ன விஷயம்தான், ஆனால் காலி செய்யும் நாளில் மனவருத்தம் வராமல் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

*

முதலில் எழுதியவன்தான். முன்பணம் இழுபட்டதைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. வங்கிக் கடிதம் பற்றிச் சொன்னவருக்கு நன்றி, நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

தரகு மிச்சமானது உண்மையில் எவ்வளவு என்று தனியாகக் கேட்ட நண்பருக்கு: அதில் பாதிக்கு மேல் வக்கீலுக்கும் இன்ஜினியருக்கும் போய்விட்டது. அந்த இரண்டு செலவையும் குறைக்க நினைக்காதீர்கள். சாவி வாங்கிய அன்று மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் அந்த அம்மா முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டோம், பழைய பாக்கி யாருடையது என்ற பேச்சே வரவில்லை. கிளம்பும்போது அந்த நோட்டை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார். போன வாரம் மாடி வடிகாலில் இலை அள்ளினோம், அதில் தேதி போட்டு எழுதியிருக்கிறோம்.