மைட்ரல் வால்வு ஓரக் கசிவு: பிளக் (ஓட்டையை அடைக்கும் கருவி) வைத்த பிறகு ஹீமோலிசிஸ் (சிவப்பணுச் சிதைவு) கூடியிருக்கிறது

நோயாளிக்கு 58 வயது. 29 மி.மீ. மெக்கானிக்கல் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே; இரண்டு இதழ்), வைத்து 6 வருடம். செப்டம் (இதயத்தின் இடது, வலது பக்கங்களைப் பிரிக்கும் சுவர்) பக்கம், சர்ஜன் பார்வையில் (இடது மேலறையிலிருந்து பார்க்கும்போது) 3 மணி நிலையில் பிறை வடிவக் கசிவு. 3டி டீஇஇ-யில் (உணவுக்குழாய் வழி எக்கோ) 11 × 4 மி.மீ. கல்ச்சர் (கிருமித் தொற்றுச் சோதனை) மூன்று முறையும் நெகட்டிவ், வால்வு ஆடவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சைத் திறந்தாயிற்று; சர்ஜரி குழு மறுத்துவிட்டது.

5 வாரத்துக்கு முன் டிரான்ஸ்செப்டல் வழியாக (இதயத்தின் வலது பக்கத்திலிருந்து செப்டத்தைத் துளைத்து) போனோம். பஞ்சரைச் சற்று மேலே, பின்பக்கமாகப் போட்டோம். இல்லையென்றால் இந்த மூலைக்கு ஷீத்தை (கருவிகள் செல்லும் குழாய்) திருப்ப இடமே கிடைக்காது. கசிவு ஓட்டை வழியாகப் போன வயரை அயோர்ட்டாவில் (மகாதமனி) ஸ்னேர் செய்து (கண்ணியால் பிடித்து) ரெயில் (இரு முனையும் பிடித்த வயர்ப் பாதை) அமைத்தோம். 12 மி.மீ. வாஸ்குலர் பிளக் 2 விரிந்ததும் ஃப்ளூரோவில் (நேரடி எக்ஸ்ரே) வால்வின் ஒரு இதழ் பாதியிலேயே நின்றது. பிளக்கைப் பிடித்திருக்கும் கேபிளைக் கழற்றவில்லை என்பதால் திரும்ப இழுத்துவிட்டோம். அடுத்து 8 மி.மீ.; இதழ்கள் சரியாக அசைந்தன, விடுவித்தோம்.

மூச்சிரைப்பு குறைந்தது. ஆனால் பிளக்கின் ஓரத்தில் 5 × 3 மி.மீ. இடைவெளியில் மெல்லிய, வேகமான ஜெட். எல்டிஎச் (சிவப்பணு சிதைந்தால் கூடும் நொதி) 900-லிருந்து 2100, ஹீமோகுளோபின் 9.6-லிருந்து 7.4. காலைச் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறம். வட்டப் பிளக் பிறை ஓட்டையை முழுதாக மூடாது, தெரிந்ததுதான்.

பீட்டா பிளாக்கர், ஃபோலிக் ஆசிட், இரும்பு, எரித்ரோபாய்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் மருந்து), 2 யூனிட் ரத்தம் எல்லாம் கொடுத்தாயிற்று. ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் தன்மையின் அளவு) 3.

பக்கத்தில் 6/3 வாஸ்குலர் பிளக் 3 (நீள்வட்ட வடிவம்) வைக்கலாமென்று யோசனை. வயர் பழைய பிளக்கின் வலைக்குள் நுழைந்துவிடுமோ என்பதுதான் தயக்கம். செப்டம் பக்கக் கசிவில் இரண்டாவது பிளக் வைத்தவர்கள் மறுபடி டிரான்ஸ்செப்டலில் போனீர்களா, இதய நுனி வழியாகவா?