தேக்கா வட்டாரமா, கொலுப்படியா? சிராங்கூன் சாலை குறித்து ஒரு விவாதம்

கஃப்சாலை:

சிராங்கூன் சாலையை நடுவாகக் கொண்ட சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தை நாங்கள் தேக்கா என்றே சொல்லி வளர்ந்தோம். சென்ற வாரம் அங்கே இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்தபின் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். அந்த வட்டாரம் இப்போது நவராத்திரிக் கொலுவைப் போல ஆகிவிட்டது. பொம்மைகளுக்குக் குறைவில்லை, படிகளும் பளிச்சென்றுதான் இருக்கின்றன, ஆனால் கொலுவில் உட்கார்ந்திருக்கும் செட்டியாரிடம் யாரும் பருப்பு வாங்க முடியாது.

என் தகப்பனார் கஃப் சாலையில் மசாலா அரைக்கும் மில் ஒன்றில் கணக்கெழுதினார். மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்துத் தகர டின்களில் கொண்டுவரும் பெண்கள் அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மில் ஓடத் தொடங்கியதும் தெருவே தும்மும். நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989 ஜூலையில் இந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தபோது, இனி எல்லாம் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். பாதுகாக்கப்பட்டவை ஓடுகளும் சன்னல்களும் முகப்புகளும் மட்டுமே. பழைய கடைவீடுகளின் வாடகையை 1947 முதல் கட்டிவைத்திருந்த சட்டம் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 2001-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. கடைவீட்டின் சன்னலை மாற்ற அனுமதி கேட்க வேண்டும். அந்தச் சன்னலுக்குக் கீழே முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்தவரை மாற்ற எவருடைய அனுமதியும் தேவையில்லை.

கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வீட்டைப் பாருங்கள். அவர் மிட்டாய்த் தொழிற்சாலை நடத்திய சீன முதலாளி. இன்று அந்த வீட்டின் முன் படமெடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. ஆனால் அவர்கள் படமெடுக்கும் வானவில் நிறங்கள் அவர் காலத்தவை அல்ல, பின்னாளில் பூசப்பட்டவை. வட்டாரம் முழுவதற்கும் நடந்திருப்பது இதுதான் என்பது என் வாதம்.

மூங்கிலடி:

நண்பரே, உங்கள் தகப்பனாரின் மில்லைப் பற்றி எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் ஒரு தலைமுறையின் பிள்ளைப் பருவத்தை அளவுகோலாக வைத்து ஒரு வட்டாரத்தை அளக்கிறீர்கள். சிங்கப்பூரில் தமிழர்கள் முதலில் கூடியது சிராங்கூன் சாலையில் அல்ல. சூலியா ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் என்று ஆற்றங்கரையை ஒட்டித்தான் மரைக்காயர்களும் நகரத்தார்களும் கடையும் கிட்டங்கி என்ற கிடங்கும் வைத்திருந்தார்கள். தேக்காவுக்கு ஆட்களை இழுத்து வந்தவை மாடும் தண்ணீரும். ரொச்சோர் கால்வாயை ஒட்டிய சதுப்பும் புல்லும் கால்நடைக்கு ஏற்றவையாக இருந்ததால் கொட்டில்கள் வந்தன, அவற்றைத் தொடர்ந்து பால்காரர்களும் புல் அறுப்பவர்களும் வந்தார்கள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை ஆகிய பெயர்களில் முதல் இரண்டும் எருமையை ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்கின்றன, மூன்றாவது மாட்டைச் சொல்கிறது. பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் தந்த கால்நடை வணிகர், கல்கத்தாவிலிருந்து வந்த யூதர். செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் வேறு இருந்தன. சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயிலைப் பெரியவர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொன்னது அதனால்தான்; கம்பம் என்றால் மலாய் வழக்கில் சிற்றூர்.

1930-களில் கால்நடைத் தொழில் போனது, இங்கிருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போனது. அப்போதும் யாராவது ஒருவர் தேக்கா செத்துவிட்டது என்று நிச்சயம் சொல்லியிருப்பார். நாம் நம்முடையது என்று உரிமை கொண்டாடும் 'தேக்கா' என்ற பெயரே ஹொக்கியன் சொல்தான்; சிறுமூங்கிலின் அடி என்று பொருள். என் புனைபெயரும் அங்கிருந்து வந்ததே.

கஃப்சாலை:

நீங்கள் சொன்ன பெயரையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது என் பக்கம்தான் பேசுகிறது. 1915-இல் எழுந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு மாற்றாக 1982-இல் கட்டிய புதிய கட்டடத்துக்கு, தேக்கா என்பதன் மாண்டரின் வடிவமாக 'ஜூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். மீன் வாங்கப் போனவர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. ஹொக்கியன் பேசிய கிழவிகளும் தமிழ் பேசிய கிழவிகளும் பலகையைப் பார்க்காமலே தேக்கா என்று சொல்லிக்கொண்டு போனார்கள்; கடைசியில் 2000-இல் பலகைதான் மாற்றப்பட்டது. ஒரு பெயரை அதைப் புழங்குகிறவர்கள் காப்பாற்றிய கதை இது. 'லிட்டில் இந்தியா' என்பதோ சுற்றுலாத் துறை புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசுக்குச் சொந்தமான தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக்காரரும் மீன்காரரும் இன்றும் இருக்கிறார்கள். தனியார் கைக்குள் இருக்கும் கடைவீடுகளிலிருந்து பொற்கொல்லரும் மாவு மில்காரரும் போய்விட்டார்கள். சதுப்பு வற்றியதால் மாடு போனதும், வாடகை ஏறியதால் மனிதர்கள் போனதும் ஒரே கணக்கில் எழுதக்கூடியவை அல்ல.

மேல்மாடி:

நான் பஃபலோ சாலைப் பக்கத்தில், வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே எழுதும் இருவரும் வேறு வட்டாரங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் இருவருக்கும் தெரியாத, அல்லது வசதியாக மறந்துபோன ஒன்று உண்டு. பாதுகாப்பு அறிவிப்பு வந்த அதே 1989-இல், அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, வீவக குடியிருப்புகளில் இன விகிதாசார விதி வந்தது. அதன்படி எந்த புளோக்கிலும் எந்த இனமும் வரம்பைத் தாண்டிக் குடியேற முடியாது. ஆகவே லிட்டில் இந்தியா என்று பலகை மாட்டிய இடத்தின் வீவக வீடுகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக இருக்க வழியே இல்லை. என் மாடியில் என் வீட்டையும் சேர்த்து இரண்டு தமிழ் வீடுகள், மற்றவை சீனக் குடும்பங்கள். எதிர்வீட்டு அம்மாள் எனக்கு முன்பாகவே சந்தைக்குப் போய், முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்து வாங்கி வருவார். நான் அந்த விதியைக் குறை சொல்லவில்லை. வட்டாரம் என்பது கடைகளும் கோபுரங்களும் மட்டும் என்பதுபோல் நீங்கள் வாதிடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கீழ்த்தளத்தில் கால்வைக்க இடமிருப்பதில்லை. விடுமுறைக்கு இங்கே கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை அங்கேயே விட்டுச் செல்கிறார்கள். 2013 டிசம்பர் 8 இரவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்தில் ஆம்புலன்ஸ் எரிந்ததைச் சன்னலிலிருந்து பார்த்தவள் நான். அதன்பின் வந்த 2015 மதுக்கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வார இறுதிகள் அமைதியாகின என்பதை உள்ளபடி சொல்கிறேன். இதற்காக என்னைத் தொழிலாளர்களின் எதிரி என்று எழுதத் தேவையில்லை.

ஞாயிறு:

வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாக இங்கே கட்டுமானத்தில் வேலை பார்க்கிறேன். தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் பக்கத்துத் தொழிலாளர் விடுதியில் இருக்கிறேன். பெரும்பாலும் படிப்பதோடு சரி. மேல்மாடி அக்கா எழுதியதால் பதில் எழுதுகிறேன்.

அக்கா, பொட்டலத்தை விட்டுச் செல்வது தவறுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் படிக்கட்டில் ஏன் உட்காருகிறோம் என்றால் உட்காரக் காசு கேட்காத இடம் அது ஒன்றுதான். ஆறு நாள் வேலை முடித்து, ஞாயிறு காலையில் துணி துவைத்து, பேருந்தில் ஒரு மணி நேரம் நின்று வருகிறோம். முதலில் ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை, பிறகு முடிவெட்டு, பிறகு சோறு. மாலையில் எங்கள் ஒன்றியத்து ஆட்கள் ஒரே இடத்தில் கூடுவோம். எந்தத் தூண் எந்த ஊருக்கு என்பது எழுதாமலே தெரியும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை என்பதெல்லாம் அங்கேதான் முதலில் காதுக்கு வரும். ஊருக்குப் போகும் மாதம் முஸ்தபா பேரங்காடியில் பெட்டிக்குச் சாமான் சேர்ப்போம். கோடாலித் தைலம் வாங்காமல் போனால் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அந்த 2013 கலவரத்தின் தொடக்கத்தில் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், 33 வயது, எங்களைப் போல் ஞாயிறு முடிந்து விடுதிக்குத் திரும்பக் கிளம்பியவர். ஆம்புலன்ஸை எரித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த இரவைப் பேசும்போது எல்லாருக்கும் ஆம்புலன்ஸ் நினைவுக்கு வருகிறது, அவர் வருவதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கஃப்சாலை ஐயாவுக்கு ஒன்று. செட்டியார் பொம்மையிடம் பருப்பு வாங்க முடியாது என்றீர்கள். நான் மாதாமாதம் பருப்பும் புளியும் அங்கேதான் வாங்குகிறேன்.

மூங்கிலடி:

ஞாயிறு எழுதியதற்குப் பிறகு என் வாதத்தை நீட்ட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. புல் அறுக்கவும் சூளையில் சுடவும் வந்து தங்கிய ஆண்கள் கூட்டத்திலிருந்துதான் இந்த வட்டாரம் உருவானது. குடும்பங்கள் பின்னால் வந்தன. அந்த வகையில் பார்த்தால் இன்று படிக்கட்டில் உட்காருபவரே இந்த இடத்தின் நேர் வாரிசு, நாமெல்லாம் இடைக்கால விருந்தாளிகள். உங்கள் கஃப் சாலையையே பாருங்கள்: காயம்பட்டு, வேலையிழந்து, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு 2008 முதல் நடத்திவரும் இலவச உணவுத் திட்டம் அந்தச் சாலையின் பெயரால்தான் வழங்குகிறது. கொலுப்படியில் பந்தி நடக்குமா?

மேல்மாடி:

'நேர் வாரிசு' என்று எழுதுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வாரிசுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுக்க யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. ஞாயிறன்று தெருவோரத்தில் தடுப்புக் கம்பி வைக்க முடிகிறவர்களுக்கு நான்கு பெஞ்சு வைக்க முடியாதா என்பதே என் கேள்வி. தம்பி, உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு என் சன்னலுக்குக் கீழே கைபேசியில் சத்தமாகப் பேசுவதை வரலாறு என்று சொல்லி என்னை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

கஃப்சாலை:

பருப்பு விஷயத்தில் தம்பி சொன்னதை ஏற்கிறேன். என் உவமை அளவுக்கு மீறியது. இலவச உணவைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தும் அதை மில்லோடு சேர்த்து யோசித்ததில்லை.

ஆனால் என் அச்சம் இன்னும் தீரவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. 2020-இல் கொரோனாவால் தொழிலாளர் விடுதிகள் பூட்டப்பட்டபோது சிராங்கூன் சாலை எப்படிக் கிடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 ஊழியர்களை மட்டும், அதுவும் சில மணி நேரத்துக்கு, வெளியே அனுப்பினார்கள். 2022-இல்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வர அவர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒரு சுற்றறிக்கையில் காலியாகிவிடக்கூடிய இடத்தை உயிருள்ள வட்டாரம் என்று எப்படிச் சொல்வது? என் தகப்பனாரை வாடகை வெளியேற்றியது; இவர்களை வெளியேற்ற வாடகைகூட வேண்டாம், பெர்மிட்டில் ஒரு தேதி போதும். மூங்கிலடியின் புல் அறுத்தவர்கள் விரும்பினால் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நான். இன்றைய வாரிசுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

ஞாயிறு:

ஐயா சொல்வது உண்மை. தங்க முடியாது என்று தெரிந்துதான் வந்தோம்.

2021-இல் அந்த முதல் வாரங்களில் எங்கள் விடுதியிலிருந்து போனவர்களில் ஒருவர் என் அறைக்காரர். நான்கு மணி நேரம்தான். திரும்பி வந்தவரிடம் என்ன செய்தீர்கள் என்று பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டோம். கோயில் வாசலில் நின்று கும்பிட்டாராம், வாழை இலையில் சாப்பிட்டாராம், மீதி நேரம் எங்கள் தூணடியில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். அங்கே வேறு யாரும் வரவில்லையே, பிறகு ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, வேறு ஊர்க்காரர்கள் பிடித்துவிடக் கூடாது என்றார்.