தமிழ்நாட்டுச் சாரணர் முன்னோடிகள் பட்டியல்: முதலிடம் அன்னி பெசன்ட்டுக்கா?

கொடிமரம்:
பெசன்ட் அம்மையார்தான் முதலில் வரணும். பெங்களூரில் 1909-லேயே கேப்டன் பேக்கர் சாரணர் படை தொடங்கிட்டார். ஆனா இந்தியப் பையன்களுக்கு அங்கே இடமில்லை. 1916-ல் அம்மையாரும் அவரோட சேர்ந்து பணியாற்றின ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் தொடங்கின பிறகுதான் நம்ம பையன்கள் தலைப்பாகை கட்டி, நம்ம பாட்டுப் பாடி அணிவகுத்தாங்க.

கயிற்றுமுடிச்சு:
பெயர் இருக்கட்டும், முதலிடம் எதுக்கு? 1921-ல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவல் இந்தியா வந்தப்போ அந்தச் சங்கத்தை அவரோட அமைப்பிலேயே சேர்த்துட்டாங்க. மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு நடத்தின சேவா சமிதி சாரணர் சங்கம் (1918) சேராம தனியாவே நின்னது. அம்மையாருக்குக் கிடைச்ச கெளரவ ஆணையர் பதவியும், 1932-ல் வெள்ளி ஓநாய் என்ற உயர்ந்த சாரணர் விருதும் முன்னோடிக்கு அளவுகோலா?

கொடிமரம்:
பதவியை நான் சொல்லவே இல்லையே. எந்தக் கதவு மூடியிருந்ததோ, அதே கதவு 1921-ல் இந்தியப் பையன்களுக்குத் திறந்தது. வெளியே ஒரு சங்கம் ஐந்து வருஷம் நடந்து காட்டினதால வந்த பலன் அது. மாளவியாவும் குன்ஸ்ருவும் பெரியவங்கதான். ஆனா அவங்க களம் அலகாபாத். இது தமிழ்நாட்டுப் பட்டியல்.

விசில்:
வரிசைச் சண்டைக்கு முன்னாடி பிழைகளைத் திருத்துங்க. "பாரத சாரணர் இயக்கத்தை நிறுவியவர் பெசன்ட்" என்று பட்டியல் வரைவில் இருக்கு. அது தப்பு. அவர் 1933-ல் காலமானார். இன்றைய தேசிய அமைப்பான பாரத சாரணர் அமைப்பு 1950 நவம்பர் 7-ல் உருவானது. சாரணியர் (பெண்கள்) அமைப்பு அதில் இணைந்தது 1951 ஆகஸ்ட் 15-ல். அதனால 1951-க்கு முந்தைய சாரணியர் தலைவிகளைச் சாரணர் சங்கத்துக்குக் கீழே போடக் கூடாது, அவங்க அமைப்பே வேற. ஒவ்வொரு பெயருக்கும் நாலு கட்டம் வேணும்: பொறுப்பு, எந்தச் சங்கம், தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு. "எந்தச் சங்கம்" கட்டம் இல்லாததாலதான் இத்தனை குழப்பமும்.

கயிற்றுமுடிச்சு:
அந்தக் கட்டம் அவசியம், ஒத்துக்கறேன். பதவி வழியா புரவலரான ஆளுநர்களையும் எடுத்துடுங்க. அவங்க பெயர் நாற்காலியோட வந்தது, உழைப்பால இல்லை. ஆனா ஆண்டு வரிசைன்னு வந்தா அருண்டேல் பெயரும் 1916-லேயே, அம்மையாருக்குப் பக்கத்திலேயே நிக்கணும். "உதவியாளர்"னு கீழே தள்ளினா ஏத்துக்க மாட்டேன்.

கொடிமரம்:
"இணை நிறுவனர்" என்று போடலாம். பெசன்ட் பெயர் முதலில் வந்தா அதுக்கு நான் சம்மதம்.