புல்லட் ஆயில் டேங்க்கில் மண்டி: கழுவியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்:

தாய்மாமா ஓட்டிய 1984 மாடல் 350 புல்லட் இப்போது என்னிடம். பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின். தெரியாதவர்களுக்கு: இதில் ஆயில் டேங்க் தனி டப்பா இல்லை, கிராங்க் கேஸின் (கிராங்க் சுழலும் என்ஜின் அடிப்பெட்டி) பின்பக்கத்தோடு சேர்த்தே வார்த்தது. சுமார் இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். பல வருடம் மாட்டுக் கொட்டகையில் நின்ற வண்டி.

டேங்க்கின் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஒரு டம்ளர் ஆயில் வந்து நின்றுவிட்டது. சைக்கிள் போக்ஸ் கம்பியை உள்ளே விட்டுக் கிளறியதும் கறுப்பு அல்வா போல ஒரு கட்டி வழுக்கி வந்து ஓட்டையை அடைத்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மினுக்கம், எல்லாம் உலோகத் தூள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வேறு வெளுத்த பசை. வேலூர் வெயிலில் ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். பெட்ரோல் எரிந்தாலே நீராவி வரும். கடைக்கும் வீட்டுக்குமாக ஓடி, என்ஜின் முழுசாகச் சூடாகாத வண்டியில் அது ஆயிலோடு கலந்து இப்படித்தான் படியும்.

"அரை லிட்டர் டீசல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி விடுங்க சார், எல்லாம் கரைஞ்சு வந்துடும்" என்கிறார் பக்கத்து மெக்கானிக். செய்யலாமா?

குடியாத்தத்திலிருந்து:

தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. கரையும், சரி. கரைந்தது எங்கே போகும்? டேங்க்கிலிருந்து பம்ப் இழுக்கும் ஆயில் ஃபெல்ட் (கம்பளித் துணி) ஃபில்டர் வழியாக பிக் எண்டுக்குத்தான், அதாவது கான்ராட் கிராங்க்கோடு சேரும் பேரிங்குக்குத்தான் போகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பிக் எண்ட் பட்டினி. டீசல் கலந்த ஆயிலில் வழவழப்பும் இருக்காது. கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) தட்ட ஆரம்பித்தால் என்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான்.

என்ஜின் ஓடாமலே கழுவுங்கள். நான் செய்வது இது: பிளக்கை மூடி, டேங்க்கில் டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விடுவேன். அந்த நேரத்தில் கிக்கரைத் தொடவே கூடாது, பம்ப் இழுத்துவிடும். காலையில் பழைய டூத் பிரஷ்ஷைச் சூடு காட்டி வளைத்து, ஆயில் ஊற்றும் வாய் வழியாக விட்டு மூலை மூலையாகத் தேய்க்க வேண்டும். பிளக்கைத் திறந்துவிட்டு மேலிருந்து டீசல் ஊற்றிக்கொண்டே இருங்கள், தெளிவாக வரும்வரை. கடைசியில் விலை குறைந்த ஆயில் கொஞ்சம் ஊற்றி அதையும் வடித்துவிட்டால் டீசல் தங்காது. பனியன் வேஸ்ட் உள்ளே விடாதீர்கள், நூல் பிரிந்து பம்ப்பில் போய் உட்காரும். நூல் விடாத துணியைக் கம்பியில் இறுக்கிக் கட்டித் துடையுங்கள்.

காட்பாடியிலிருந்து:

ஒன்று விட்டுப்போச்சு. நின்ற வண்டியில் டேங்க் ஆயில் பம்ப் வழியாகக் கிராங்க் சுழலும் அறைக்குக் கசிந்து இறங்கியிருக்கும். ஒரு டம்ளர்தான் வந்தது என்கிறீர்களே, மீதி அங்கேதான் இருக்கும். அந்த அறையின் டிரெயின் பிளக்கையும் கழற்றி வடித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு டேங்க்கை நிரப்பினால் ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகை, பிரீதர் (என்ஜின் காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக ஆயில் கக்கும்.

ஃபில்டர் புதுசு போடும்போது அந்தக் குழியிலும் ஆயிலை நிரப்பி மூடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கிக்கர் உதையுங்கள், ஆயில் ஏறட்டும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். சென்ட்ரிங் வேலை செய்பவர்கள் பலகைக்குப் பூச வாங்கிக்கொள்வார்கள். டீசல் கழிவைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் தந்துவிடுங்கள். பாலாற்றுக்குத் தோல் கழிவே போதும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. கிராங்க் கேஸிலிருந்து ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது! டேங்க்கைத் தேய்த்து எடுக்க ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. 20டபிள்யூ50 ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, என்ஜின் தலையில் வால்வை அசைக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பாஞ்சோ போல்ட்டை (பைப்பைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்) லேசாகத் தளர்த்தினேன், ஆயில் கசிந்தது. மேலே வரை ஏறுகிறது. தட்டல் இல்லை. மண்டி மிச்சம் இருந்தால் புது ஆயில் அதையும் கழற்றிவிடும் என்பதால் 500 கிலோமீட்டரிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றப் போகிறேன்.

டைமிங் கவருக்குள் (என்ஜின் பக்கவாட்டில் பல்சக்கரங்களை மூடும் கவர்) இருக்கும் கார்க் சீல் மட்டும் காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. வேலூரில் எந்த ஸ்பேர்ஸ் கடையில் நல்லது கிடைக்கும்?