குட்வில்லை வருடா வருடம் போக்கெழுத வேண்டுமா, வேண்டாமா?

பேரேடு:
ஹார்லிக்ஸ் விற்றுவந்த கிளாக்ஸோவின் நுகர்பொருள் கம்பெனியை இந்துஸ்தான் யூனிலீவர் 2020இல் தன்னோடு இணைத்தபோது 17,000 கோடி ரூபாய்க்கு மேல் குட்வில் (சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) புத்தகத்தில் ஏறியது, அடுத்தடுத்த ஆண்டறிக்கைகளிலும் அது குறையவே இல்லை. பெரிய கம்பெனிகளுக்கான கணக்கு விதிகளான இண்ட் ஏஎஸ் படி இது சரிதான், கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகக் கழித்துப் போக்கெழுதக் கூடாது, வருடம் ஒருமுறை மதிப்பு சரிந்திருக்கிறதா என்று இம்பேர்மென்ட் சோதனை செய்தால் போதும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய ஒன்று தேயவே தேயாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிலுவை:
தேய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஹார்லிக்ஸ் என்ன லேத் மெஷினா? 10 வருடம், 20 வருடம் என்று ஒரு எண்ணைப் போட்டால் அது நாமாகப் போட்ட எண்தான். ஜப்பானில் 20 வருடத்துக்குள் போக்கெழுதச் சொல்கிறார்கள், கம்பெனி இணைப்புகளுக்கான நம் பழைய கணக்கு விதி ஏஎஸ் 14 பொதுவாக 5 வருடம் என்கிறது. எது உண்மையான ஆயுள்? அனலிஸ்ட்கள் எப்படியும் அந்தத் தொகையை லாபத்தில் திரும்பக் கூட்டிவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

பேரேடு:
ஹார்லிக்ஸ் பிராண்டுக்குத் தனி மதிப்பு போட்டாயிற்று சார். அதையும் மற்ற சொத்துகளையும் கழித்த பிறகு மிஞ்சியதுதான் குட்வில், இரண்டையும் கலக்காதீர்கள். என் பயம் சோதனையைப் பற்றியது: வாங்கிய தொழிலை ஏற்கெனவே நன்றாக ஓடும் தொழிலோடு சேர்த்து ஒரே அலகாகச் சோதிக்கும்போது, புத்தகத்தில் ஏறாத பழைய தொழிலின் மதிப்பு புதியதன் சரிவை மூடிவிடும். அமெரிக்க உணவுக் கம்பெனி கிராஃப்ட் ஹெய்ன்ஸ் 2015இல் இணைந்து உருவானது, 2019 பிப்ரவரியில் குட்வில்லிலும் பிராண்டுகளிலுமாக ஒரே அடியாக 1,540 கோடி டாலர் குறைத்தார்கள், மறுநாள் பங்கு கால்பங்குக்கு மேல் விழுந்தது. அந்தச் சரிவு ஒரே காலாண்டிலா வந்திருக்கும்?

நிலுவை:
அதே அறிவிப்பில் டிவிடெண்டையும் குறைத்தார்கள், அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசியின் விசாரணையையும் சொன்னார்கள். முழுப் பழியையும் குட்வில் மேல் போடாதீர்கள்.

வரவுசெலவு:
நடுவில் ஒரு விஷயம். பட்டியலிடாத சின்ன கம்பெனிகள் இன்னும் பழைய ஏஎஸ்தான். என்னிடம் வரும் ஒரு கம்பெனிக்கு இணைப்பில் 10 லட்சம் குட்வில், வருடம் 2 லட்சம் போக்கெழுதுகிறோம், வருமான வரிக் கணக்குப் போடும்போது அந்த 2 லட்சத்தை அப்படியே திரும்பக் கூட்ட வேண்டியிருக்கிறது. 2012இல் ஸ்மிஃப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் குட்வில்லுக்கும் தேய்மானம் உண்டு என்றது, 25 சதவீதம் கிடைத்துவந்தது, 2021 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்த வேலை என்று முதலாளி கேட்கிறார்.

பேரேடு:
வரி கிடைக்காததால் செலவு இல்லாமல் போய்விடாது, அதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

நிலுவை:
சர்வதேசக் கணக்கு வாரியம் வருடக்கணக்கில் அலசிவிட்டு 2022 நவம்பரில் போக்கெழுதல் வேண்டாம் என்றே முடிவெடுத்தது.

பேரேடு:
முடிவெடுத்தவர்களே 2024இல் வெளியிட்ட வரைவில், வாங்கியபோது போட்ட இலக்கு என்ன, பிறகு எட்டினார்களா என்பதை முக்கியமான இணைப்புகளுக்காவது வெளியே சொல்லச் சொல்கிறார்கள். சோதனை ஒன்றே போதுமென்றால் அது எதற்கு?

நிலுவை:
அதை நானும் வரவேற்கிறேன். இலக்கைச் சொல்லட்டும், கழித்தல் மட்டும் வேண்டாம்.